வலப்பக்கத்துக் கதிரை

வெளிநோயாளர் பகுதி, முதலாம் அறை
08.01.2024, திங்கள்

அன்புள்ள சுபாஜினிக்கு,

இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று நினைக்கிறேன். மற்ற டொக்டர்மார் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு போனபிறகு இந்த அறை திங்கள், புதன், வெள்ளி எனக்கும் செவ்வாய், வியாழன், சனி உமக்கும் என்றாகிவிட்டது. நான் இங்கே இருக்கும் நாளில் நீர் கிராமத்து மருந்தகத்தில். நீர் இங்கே இருக்கும் நாளில் நான் அங்கே. முகம் பார்த்துக் கதைக்க வழியில்லை. போன் எடுத்தால், "எழுதி வையுங்கோ சுதன், பாக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர். ஆகவே எழுதி, மேசை லாச்சிக்குள் வைக்கிறேன்.

முதலாவது, கதிரை. நோயாளியின் கதிரை மேசைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டியது. நீர் அதை இழுத்து உமது வலப்பக்கத்தில், முழங்காலோடு முழங்கால் முட்டும் தூரத்தில் வைக்கிறீர். நான் வந்தவுடன் அதைத் திருப்பி வைப்பதுதான் எனது நாளின் முதல் வேலை. இழுத்து இழுத்துச் சீமெந்து நிலத்தில் கோடு விழுந்துவிட்டது.

இரண்டாவது, மின்விசிறி. உமது நாளில் காலை முழுக்க அதை நிற்பாட்டி வைக்கிறீர் என்று நமது அறைச் சிற்றூழியர் யோசப்பின் சொல்கிறா. சனம் வியர்த்துக் கொட்டிக்கொண்டு இருக்கிறதாம்.

மூன்றாவது, நேரம். நான் தொண்ணூறு பேரைப் பதினொன்றரைக்குள் பார்த்து முடிப்பவன். இப்போது என் நாளில் முப்பது பேர் வந்தால் பெரிய காரியம். உமது நாளில் நூற்றிருபது பேர், மூன்று மணிக்கும் வரிசை. போன வெள்ளிக்கிழமை படலையடியில் ஒருவர் சும்மா நின்றார். என்ன வருத்தம் என்று கேட்டேன். "இண்டைக்குச் சுகம் ஐயா. நாளைக்குத்தான் வருத்தம்" என்றார். பக்கத்தில் நின்ற காவலாளி சிரித்தான்.

பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம்முடைய வகுப்பில் முதலாவதாக வந்தவன் யார், பார்மக்கோலஜிச் சோதினையை இரண்டாம் தரம் எழுதியவர் யார் என்பது உமக்கும் எனக்கும் தெரிந்த விசயம். இந்த வயதில் அதையெல்லாம் கிளறுவதில் எனக்கு விருப்பமில்லை. ஒழுங்கு வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அன்புடன்,
நா. ஜெயசுதன்
பொறுப்பு வைத்திய அதிகாரி


09.01.2024, செவ்வாய்

அன்புள்ள சுதன்,

உங்கள் கடிதம் கிடைத்தது. வெள்ளைத் தாளில் எறும்பு ஊர்ந்த அந்த எழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுடைய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்திலே இரண்டே பேர். ஒன்று, மருந்து கொடுக்கிற நம்முடைய பார்மசிக்காரர். மற்றது, உங்கள் நோட்ஸைக் கடன் வாங்கிப் படித்து டொக்டரான நான்.

பார்மக்கோலஜி கதையைக் கிளறமாட்டேன் என்று எழுதிவிட்டே கிளறியிருக்கிறீர்கள். பரவாயில்லை.

கோடு விழுந்ததற்கு மன்னியுங்கள். ஆனால் கதிரை அந்தப் பக்கம் இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும். மின்விசிறியும் அப்படித்தான். அது கடகடவென்று சுற்றினால் இந்தச் சனம் சொல்வதில் பாதி எனக்குப் போய்விடும்.

நேரம் போவது உண்மை. நான் என்ன செய்ய? வந்து இருந்தவுடன் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொல்வார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைச் சொல்வார்கள். மருந்துத் துண்டை வாங்கி, எழும்பி, கதவில் கையை வைத்துக்கொண்டுதான் வந்த விசயத்தைச் சொல்வார்கள். அதுவரைக்கும் நான் பேசாமல் இருக்கிறேன், அவ்வளவுதான். அதிலும் இங்கே வருகிற பெண்களைப் பாருங்கள். விடியற்காலையில் கரைக்கு வந்த புருசன் வீட்டில் படுத்திருப்பான். அவனுக்கு மருந்து எழுதுகிற கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு இவள் வந்து நிற்பாள். கொப்பி அவனுடையது, வாய் இவளுடையது. இரண்டையும் பிரித்து எடுப்பதற்கே பத்து நிமிடம் வேண்டும்.

பொங்கலுக்குப் பிரதீபாவைக் கூட்டிக்கொண்டு புருசன் பெண்சாதியாக வீட்டுக்கு வாருங்கள். போன வருடமும் கேட்டேன்.

என்றும் அன்புடன்,
சுபா


07.02.2024, புதன்

அன்புள்ள சுபாஜினிக்கு,

பொங்கலுக்கு வர வசதிப்படவில்லை. 

இன்று தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். ஊசி மருந்துக்கு நடுவில் ஒரு கோர்வை விளைமீன், கண் மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. "அது டொக்டர் அம்மாக்கு ஐயா, நாளைக்குக் குடுக்கிறதுக்கு" என்றா யோசப்பின். எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன். பத்தொன்பது வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் சுபாஜினி. எனக்கு ஒரு சூடைமீன் கூட ஒருவரும் கொண்டுவந்து தந்ததில்லை. நீர் வந்து மூன்று வருடம்.

மீனுக்காக எழுதவில்லை. குளிர்ப்பெட்டி அரசாங்கத்தினுடையது.

உமக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், என் நாளில் வேலை எப்படி நடக்கிறது என்று. மயிலிட்டித் துறையில் வள்ளம் வைத்திருக்கும் மரியரட்ணத்தைத் தெரியும்தானே. பிறசர் நோயாளி. அவருடைய மனைவி மக்டலீன் இன்று கொப்பியோடு வந்தா. போன மாதம் அவர் நேரில் வந்தபோது பார்த்த பிறசர் கொப்பியில் இருக்கிறது, நூற்றியெழுபத்தைந்து. ஆறு மாதத்தில் இரண்டு தரம் மருந்தைக் கூட்டியும் இறங்கவில்லை. இன்று மூன்றாம் தரம் கூட்டி, இரண்டு மாதத்துக்கு எழுதினேன். துண்டை வாங்கிக்கொண்டு போனவ வாசலில் நின்று, "ஐயா, எனக்கும் உந்தத் தலையிடி..." என்று தொடங்கினா. "உங்கடை கொப்பி எங்கை?" என்று கேட்டேன். தனக்குக் கொப்பி இல்லை என்றா. "அப்ப கொப்பி போட்டுக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டேன். எல்லாமாக ஒன்றரை நிமிடம். ஒழுங்கு என்றால் இதுதான்.

கதிரையைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஜெயசுதன்


29.02.2024, வியாழன்

அன்புள்ள சுதன்,

இதை எழுதுவதா விடுவதா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். உங்கள் நோயாளி என்பதால் எழுதத்தான் வேண்டும். கோபிக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

மக்டலீன் இன்று வந்தா. மகள் றொசாந்திக்கு மன்னாரில் பிள்ளை பிறந்திருக்கிறது, சனிக்கிழமை போகிறேன், போனால் ஒரு மாதம் நிற்பேன், அதனால் அவருடைய பிறசர்க் குளிசையைக் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டா. கூட்டி ஏன், ஒரு மாதத்துக்கு வேண்டியது இருக்கிறதே என்றேன். 

"இருக்குது. ஆனாக் காணாது டொக்டர்."

அவ நிலத்தில் கிடக்கும் கோட்டைப் பார்த்தா. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியில் சனம் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. யோசப்பின் இரண்டு தரம் எட்டிப் பார்த்தா.

"நான் கொண்டுபோறதுக்கும் வேணுமெல்லே" என்றா பிறகு.

சுதன், இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஒரு கொப்பிக் குளிசையை இரண்டு பேர் போடுகிறார்கள். அவருக்குப் பாதி, இவவுக்குப் பாதி. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னா: "ஒரே வீட்டுத் தலையிடிதானே டொக்டர். எனக்கெண்டு கொப்பி போடுறதெண்டால் ரண்டு நாள் மினைக்கெட வேணும். அவர் கரைக்கு வரேக்கை நான் நிக்காட்டில் மீனை ஆர் விக்கிறது?"

பிறசர் ஏன் இறங்கவில்லை என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். இறங்காததைப் பார்த்து நாங்கள் கூட்டிக்கொண்டு போனோம். சனிக்கிழமை அவ மன்னாருக்குப் போயிருந்தால், மூன்று தரம் கூட்டின குளிசை முழுவதையும் மரியரட்ணம் தனியாக விழுங்கியிருப்பார். கடலில் எழும்பி நின்று வலை இழுக்கிற நேரத்தில் பிறசர் விழுந்து தலை சுற்றியிருந்தால் யார் பிடிப்பது? 

அவருடைய அளவைக் குறைத்து எழுதியிருக்கிறேன். நாளைக்கு அவரை நித்திரையை விட்டுவிட்டு உங்களிடம் நேரில் வரச் சொல்லியிருக்கிறேன், ஒருதரம் பார்த்துவிடுங்கள். மக்டலீனுக்கு இன்று நூற்றித்தொண்ணூறு. யோசப்பின் தானே ஓடிப்போய் அவவுக்கு ஒரு கொப்பி போட்டுக் கொடுத்தா. 

இது உங்கள் பிழை என்று நான் எழுதவில்லை. அதே கொப்பியில் ஒரு வருடமாக நானும் எழுதியிருக்கிறேன். வாசலில் நின்று தலையிடி என்றா என்று நீங்கள் போன கடிதத்தில் எழுதியிருக்காவிட்டால் நானும் இன்று காத்திருந்திருக்க மாட்டேன்.

அன்புடன்,
சுபா


20.03.2024, புதன்

சுபாஜினிக்கு,

உமது கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று கிழமை எடுத்தது. நன்றி என்று ஒரு சொல்லை எழுத அவ்வளவு நாள் தேவைப்பட்டது. எழுதிவிட்டேன்.

நேற்றுச் சூசையப்பர் பெருநாள். பொறுப்பதிகாரி என்று எனக்கு அழைப்பு வந்தது. முன் வரிசையில் இருத்தினார்கள். நீர் இங்கே நோயாளர் பார்த்துக்கொண்டிருந்தீர். பூசை முடிய, பங்குச் சுவாமி அறிவித்தல்கள் வாசித்தார். வாசித்து முடித்து, ஒரு குடும்பம் கடலிலே தகப்பனை இழக்காமல் காப்பாற்றின எங்கடை டொக்டர் அம்மாவுக்காகச் செபிப்போம் என்றார். கோயில் முழுக்க எழும்பி நின்றது. நானும் எழும்பினேன். அந்தத் தகப்பனைக் கடலில் தள்ளப் பார்த்த கை யாருடையது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

நீர் சொல்லியிருக்கமாட்டீர். மக்டலீன்தான் மன்னாருக்குப் போகுமுன் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறா. வெளியில் வந்தபோது மரியரட்ணம் பெருநாள் பலகாரத் தட்டோடு வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா கெட்டிக்காரர். நாங்கள் வாய் திறக்க முன்னமே மருந்தை எழுதிப்போடுவார்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பகிடிக்குச் சொன்னாரா, மெய்யாகவே புகழ்ந்தாரா என்று இன்னும் தெரியவில்லை.

பிசியோலஜியில் தங்கப் பதக்கம் எடுத்தவன் நான். மேற்படிப்புச் சோதினையில் இரண்டு தரமும் ஒன்றிரண்டு புள்ளியில் கவிழ்ந்தவனும் நான்தான். என்னோடு படித்தவர்கள் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். எனக்கென்று மிஞ்சியது இந்த ஆஸ்பத்திரி ஒன்று. அதிலும் மருந்தின் அளவில் என்னைத் திருத்தும் ஆளாக, பார்மக்கோலஜியைத் தவறவிட்ட நீர் வந்து சேர்ந்தீர்.

கதிரை எதிர்ப்பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. இனி அதை நகர்த்தினால் எழுத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டிவரும்.

நா. ஜெயசுதன்
பொறுப்பு வைத்திய அதிகாரி


04.06.2024, செவ்வாய்

அன்புள்ள சுதன்,

உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். என் பேரில் சுகாதாரத் திணைக்களத்தின் பெரிய கந்தோருக்கு ஒரு முறைப்பாட்டுப் பெட்டிசம் போயிருக்கிறது. பன்னிரண்டாம் திகதி விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பிரதி ஒன்று தந்தார்கள். கணினியில் அடித்த ஒன்றரைப் பக்கம். கீழே பெயரில்லை, "பாதிக்கப்பட்ட நோயாளர்" என்று மட்டும் இருக்கிறது.

நோயாளரிடம் மீன் வாங்குகிறேனாம். ஊர்வம்பு கதைத்து நேரத்தைக் கடத்துகிறேனாம். மின்விசிறியை நிற்பாட்டி வருத்தக்காரரை வதைக்கிறேனாம். கதிரையை இழுத்துப் போட்டு ஆண் பெண் பார்க்காமல் உடம்போடு ஒட்ட இருத்துகிறேனாம். அந்த வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். 

கதிரை இழுத்து நிலத்தில் கோடு விழுந்ததும் எழுதப்பட்டிருக்கிறது. என்னிடம் வருகிற சனம் அந்தக் கோட்டைத் தினமும் பார்க்கிறது. ஆனால் அது எதனால் விழுந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வரும்போது கதிரை என் பக்கத்தில்தான் இருக்கும். 

மேலே ஒன்றும் எழுதவில்லை சுதன். நீங்கள் பொறுப்பதிகாரி. இரண்டு வரி எழுதித் தந்தால் போதும், இவ வேலையில் நேர்மையானவ என்று. அந்த இரண்டு வரி இருந்தால் கதிரையைப் பற்றித் துருவிக் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதைப் பற்றிக் கேட்காமல் விட்டால் எனக்குப் பெரிய உதவி. ஏன் என்று இப்போது சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
சுபா


05.06.2024, புதன்

அன்புள்ள சுபாஜினிக்கு,

கடிதம் கண்டேன். கவலைப்படுகிறேன். விசாரணை நடக்கும் நேரத்தில் பொறுப்பதிகாரி ஒரு பக்கம் சார்ந்து எழுதுவது முறையல்ல என்பது உமக்குத் தெரியும். உண்மை உம்மிடம் இருந்தால் பயப்படத் தேவையில்லை.

நா. ஜெயசுதன்


18.07.2024, வியாழன்

அன்புள்ள சுதன்,

இந்த லாச்சிக்குள் நான் வைக்கும் கடைசிக் கடிதம் இது. வருகிற மாதம் முதலாம் திகதியிலிருந்து எனக்குக் கந்தோரில் புள்ளிவிபரப் பகுதியில் வேலை. நோயாளர் பார்க்கக் கூடாது. 

விசாரணையில் மீனைப் பற்றிச் சிரித்துவிட்டு விட்டார்கள். கதிரையைப் பற்றித்தான் கேட்டார்கள். பொய் சொல்ல வரவில்லை. எனக்கு இடது காது கேளாது சுதன். தொண்ணூற்றைந்து யுத்த இடப்பெயர்வுக்கு ஒரு மாதம் முந்தி எங்கள் வீட்டு வளவில் செல் குண்டு விழுந்த நாளிலிருந்து கேளாது. வலப்பக்கம் கிட்ட இருந்தால்தான் ஆட்கள் சொல்வது விளங்கும். மின்விசிறி சுற்றினால் அதுவும் இல்லை. போனில் ஏன் கதைப்பதில்லை என்று எத்தனை தரம் கோபித்தீர்கள். சோதித்துப் பார்த்தார்கள். இப்போது வலது காதும் குறைந்துகொண்டு போகிறதாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். காது சரியில்லாத டொக்டரை வரிசைக்கு முன்னால் இருத்த முடியாதாம். அவர்களையும் பிழை சொல்ல மாட்டேன்.

சனம் என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துவிட்டது. காது குறைந்தவள் வாயைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இடையில் குறுக்கிட்டால் விட்ட இடம் பிடிபடாது, ஆகவே அவர்கள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். வேறு வித்தை என்னிடம் இருக்கவில்லை.

உங்களுக்கு இதை நான் ஒருதரம் சொல்லியிருக்கிறேன். தொண்ணூற்றாறில், இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த பிறகு, நூலக வாசல் படியில். டொக்டர் படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்கத்தான் வந்தேன். நீங்கள் பிசியோலஜிப் பதக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இடையில் நான் சொன்னதற்கு "ஓம், ஓம்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. வகுப்பில் உங்களுக்கு இடப்பக்கமாகவே வந்து இருந்தேன், உங்கள் குரல் என் வலது காதில் விழுவதற்காக. அப்படித்தான் பாடங்களைக் கேட்டேன்.

பெட்டிசத்தை யார் எழுதியது என்று நான் யாரையும் கேட்கப்போவதில்லை. கதிரையை எங்கே வைப்பது என்பது இனி உங்கள் விருப்பம்.

மக்டலீனுக்கு அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஞாபகப்படுத்தாவிட்டால் வரமாட்டா.

சுபா


கரவெட்டி
27.10.2024, ஞாயிறு

சுபாஜினிக்கு,

இதை லாச்சிக்குள் வைத்து என்ன பயன்? வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

கிராமத்து மருந்தகத்துக்கு இப்போது ஆள் இல்லை, ஆறு நாளும் அறை என்னுடையது. முதற் கிழமை நூற்றிருபது பேரும் என்னிடம் வந்தார்கள், வேறு ஆள் இல்லாததால். எல்லாரையும் பன்னிரண்டுக்குள் முடித்தேன். பெருமையாக இருந்தது. அடுத்த மாதம் அறுபது. இப்போது நாற்பது. மிச்சப் பேர் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகிறார்கள். குளிர்ப்பெட்டிக்குள் ஊசி மருந்து மட்டும்தான் இருக்கிறது.

நூலக வாசல் படியை நினைத்துப் பார்க்கிறேன். பதக்கம் ஞாபகம் இருக்கிறது. அதைக் கொழுவியிருந்த நாடாவின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. நீர் என்ன சொன்னீர் என்பது இல்லை. பிரதீபாவிடம் இதைச் சொன்னேன். "நீங்கள் என்னை ஒரு வசனமும் முடிக்க விட்டதில்லை. இதிலை புதினம் என்ன இருக்கு?" என்றுவிட்டு எழும்பிப் போனா.

போன திங்கட்கிழமை மக்டலீன் வந்தா, இரண்டு கொப்பியோடு. மரியரட்ணத்துக்குப் பிறசர் நன்றாக இறங்கியிருக்கிறது. இவவுக்கு இறங்கவில்லை. குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். ஓம் என்றா. கூட்டி எழுதப் பேனையை எடுத்தேன். எழுதவில்லை. ஏன் என்று கேட்காதேயும். எழும்பி மின்விசிறியை நிற்பாட்டினேன். எதிர்ப்பக்கம் இருந்த கதிரையை அவவோடு சேர்த்து இழுக்க முடியாது, ஆகவே என் கதிரையை அவவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டு இருந்தேன். அவ பயந்துபோனா. நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் இப்படி நீளும் என்று எனக்குத் தெரியாது. மூன்று தரம் கதைக்க வாய் உன்னியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நித்திரை வருகுதில்லை ஐயா" என்றா கடைசியில். "டொக்டர் அம்மாவை ஆரோ பெட்டிசம் போட்டுத்தான் மாத்தினதாம். நான்தான் ஊரெல்லாம் அவவைப் பற்றிக் கதைச்சுத் திரிஞ்சனான். என்ரை வாயாலைதான் ஆருக்கோ கண் பட்டுப்போச்சு. என்னாலை எல்லே அவ போனவ?"

உங்களால் இல்லை என்றேன்.

"அப்ப ஆராலை ஐயா?"

நான் அவவின் கொப்பியை எடுத்து, பழைய குளிசையைப் பழைய அளவிலேயே எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவவுடைய வருத்தத்துக்கு மருந்து என் வாய்க்குள் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

பெட்டிசத்தை எழுதியது நான். பக்கத்து நெல்லியடியில் எல்லாருக்கும் என்னைத் தெரியும் என்று சாவகச்சேரிக்குப் போய் அடிப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் தபாலில் போட்டேன். ஒட்ட இருத்துகிறார் என்ற வரியை மூன்று தரம் மாற்றி மாற்றி எழுதினேன், நன்றாகக் குத்த வேண்டும் என்று. கோட்டைப் பற்றி எழுதியபோது நீர் கண்டுபிடித்துவிடுவீர் என்று மனம் சொன்னது. அப்படியும் எழுதினேன். நீர் ஜூனில் கேட்ட இரண்டு வரி அன்றைக்கே எழுதி முடித்து என் பைக்குள் இருந்தது. கிழித்துவிட்டேன். சூசையப்பர் பெருநாளில் எழும்பி நின்ற சனம் நினைவுக்கு வந்தது.

இதை எழுதிவிட்டதால் மனம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்னும் எரிகிறது. அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, நான் முதன்முதலாக ஒருவரை முழுதாகக் கேட்ட அந்த நாளிலும், அவ கதைத்தது உம்மைப் பற்றித்தான். காது கேட்கும் எனக்குக் கிடைக்காதது காது கேளாத உமக்கு எப்படிக் கிடைத்தது என்று இரவும் பகலும் கணக்குப் பார்க்கிறேன். விடை நீர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அது விடை என்று ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை.

மக்டலீனுக்கு என்னால் சொல்ல முடியாது. நீர் சொல்லும். அவவால் இல்லை என்று மட்டும் சொன்னாலும் போதும், யாரால் என்றும் சொன்னாலும் சரி. இந்தக் கடிதத்தைப் பெரிய கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க விரும்பினால் கொடும். பெயரில்லாத ஒரு கடிதத்தை நம்பி உம்மை மாற்றியவர்கள், பெயரில்லாத இதையும் நம்பட்டும்.

கீழே பெயர் எழுதப் பேனையை வைத்தேன். பொறுப்பு வைத்திய அதிகாரி என்ற சொல்வரை மனதில் வந்தது. கை நகரவில்லை. பயம்தான், வேறு பெயர் வைக்க வேண்டாம். ஆனால் பெட்டிசத்தை என் எழுத்து தெரியக்கூடாது என்று கணினியில் அடிப்பித்தேன். இதைக் கையால் எழுதியிருக்கிறேன். எறும்பு ஊர்ந்த இந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று நீர்தான் சொன்னீர். கையெழுத்து வைக்காமலே நாளைக் காலை தபாலில் போடுகிறேன்.